கொக்குக் கழுத்துக்காரன் செய்த திருட்டு

செத்தாலும் ஷோல்டர் ரெஸ்ட் வைத்து வாசிக்க மாட்டேன் என்று நான் சபதம் செய்தபோது எனக்குக் கழுத்து வலி கிடையாது. சபதம் செய்ய அதுதான் தோதான சமயம்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் வயலின்காரன். ஆர்க்கெஸ்ட்ராவில் வாத்தியத்தைத் தோளில் சாய்த்து, தாடையால் அமுக்கிப் பிடித்து வாசிக்கிற கூட்டத்தில் ஒருவன். தாடை படுகிற இடத்தில் வாத்தியத்தின் மேல் குழிவாக ஒரு கட்டை இருக்கும். அது சின்ரெஸ்ட். தோள் படுகிற இடத்தில், அடியில், காலுள்ள வளைவு ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். அது ஷோல்டர் ரெஸ்ட். நீளக் கழுத்துக்காரனுக்கு இந்த இரண்டும் அளவாக அமையவில்லை என்றால், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஆயுள் முழுக்கப் பேசுகிறவன் மாதிரி கோணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆர்க்கெஸ்ட்ராவில் என் பட்டப்பெயர் கொக்கு.

ஆனாலும் நான் ஷோல்டர் ரெஸ்ட் வைத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் என் குரு வைத்துக்கொள்ளவில்லை. அவர் கையால் கொடுத்த கருங்காலிக் கட்டைதான் என் சின்ரெஸ்ட். அதன் விளிம்பு என் தாடையை அறுக்கும். அறுத்தால் என்ன, குரு கொடுத்தது. அந்த மனிதருக்குக் கழுத்து என்று ஒன்று இருந்ததே இல்லை, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

என் மனைவி அதே ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறாள். வயலினுக்கு அக்கா முறை. கொஞ்சம் அகலம், கொஞ்சம் கனம், குரலும் தடிப்பு. வாத்தியத்தைத்தான் சொல்கிறேன். மேடையில் அவள் உட்காருவது எனக்கு நேர் எதிரே. வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் நேர் எதிரே. தப்பிக்க வழியில்லை.

"என்னங்க, இடது கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"டம்ளரை வலது கையில எடுக்கிறீங்க."

"ஊர் உலகத்துல எல்லாரும் வலது கையிலதான் எடுக்கிறாங்க."

"நீங்க இடது கைப்பழக்கம்."

உண்மைதான். சுண்டு விரல் மரத்துப் போயிருந்தது. அப்புறம் பக்கத்து விரலும். தோளைத் தூக்கித் தூக்கிக் கழுத்தில் எங்கோ ஒரு நரம்பு நசுங்கிவிட்டது என்று எனக்கே புரிந்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் வாசிக்காதே என்பார். என் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அப்படித்தான் சொன்னார்கள். அவர் இப்போது அரங்கத்தின் அடித்தளத்தில் இசைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். மேலே ஒத்திகை தொடங்கினால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த நேரம் பார்த்து ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தப் புது கண்டக்டர் வந்தார். பழைய ஆட்கள் எல்லோரும் திரைக்குப் பின்னால் நின்று மறுபடியும் வாசித்துக் காட்ட வேண்டும், முகம் தெரியக் கூடாது, யார் இருப்பது யார் போவது என்று காது முடிவு பண்ணட்டும் என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. கடைக்குப் போனால் சரியான மீதிச் சில்லறைகூட வாங்கி வரத் தெரியாது.

"ஒரு ஷோல்டர் ரெஸ்ட் வச்சுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"அது முட்டுக்கட்டை. வாசிக்கத் தெரியாதவனுக்கு."

"அப்ப நான்?"

"நீ வயோலா. உங்க கூட்டத்துக்கு எதிலயும் ஒரு முட்டு வேணும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தபடி எழுந்து போய்விட்டாள். கல்யாணமான எந்த ஆணும் அந்த இடத்தில் உஷாராகியிருப்பான். நான் இன்னொரு வாய் சோறு கேட்டேன்.

அடுத்த சில நாட்களில் வீட்டில் சில சில்லறைச் சம்பவங்கள் நடந்தன. கீழ்வீட்டுத் தையல்காரர் டேப்போடு மேலே வந்தார். எனக்குப் புது கோட் தைக்க மனைவி சொல்லியிருக்கிறாளாம். கை, மார்பு எல்லாம் விட்டுவிட்டு நேராகக் காதுக்கு வந்தார். காதிலிருந்து தோள், தாடையிலிருந்து தோள்.

"கோட்டுக்குக் காது அளவு எதுக்குங்க?"

"காலர் சார், காலர்."

"காலர் காது வரைக்குமா வரும்?"

"இப்ப அதுதான் சார் ஸ்டைல். கொஞ்சம் வயலினைப் பிடிக்கிற மாதிரி நில்லுங்க. ஆங், அப்படியே."

நின்றேன். பெரிய மனுஷனுக்கு அளவெடுக்கிறார்கள் என்று ஒரு பூரிப்பு வேறு.

பிறகு என் சின்ரெஸ்ட்டின் திருகு தளர்ந்து, வாசிக்கும்போதெல்லாம் வண்டு மாதிரி இரைந்தது. போகிற வழியில் ரிப்பேர்காரரிடம் இறுக்கி வாங்கிவருகிறேன் என்று மனைவி வயலினை எடுத்துப் போனாள். மறுநாளே கொண்டுவந்தாள். இரைச்சல் நின்றது. சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கும் யாரோ ஒரு கறுப்புக் கட்டையைச் செருகியிருந்தார்கள். அதுவும் நின்றது. காலையில் பாத்திரம் தேய்ப்பது என் வேலை என்பதால் எனக்கு அது பெரிய நிம்மதி. எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவி சாயங்காலங்களில் கீழே தையல் கற்றுக்கொள்ளப் போக ஆரம்பித்தாள். வாத்தியப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு.

பெட்டி வீட்டில். பெட்டிக்குள் ஷோல்டர் ரெஸ்ட். நான் தனியாக. திட்டம் தானாக உருவானது.

முதல் நாள் கதவைத் தாழிட்டு, அவள் பெட்டியைத் திறந்தேன். பெட்டி மூடியின் உட்பையில் இருந்தது. எடுத்து என் வயலினில் மாட்டினேன். கால்கள் நல்ல உயரம். எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இவளுக்குக் குட்டைக் கழுத்தாயிற்றே? பிறகு சமாதானம் செய்துகொண்டேன். இத்தனை வருஷமாக அவள் கழுத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு சங்கிலி வாங்கிப் போட்டிருந்தால் அளவு தெரிந்திருக்கும்.

வாசித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோள் தானாகக் கீழே இறங்கியது. தலை நிமிர்ந்தது. குருவின் கட்டைகூட அன்று தாடையை அறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுண்டு விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி உயிர் வந்தது.

அன்றிலிருந்து தினமும் திருட்டு. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கழற்றி இருந்த இடத்தில் வைத்துவிடுவேன்.

"இன்னைக்கு வாசிப்பு பிரமாதமா இருந்துச்சே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தையல் மிஷினை மீறிக் கேட்டுச்சு. ஷோல்டர் ரெஸ்ட் இல்லாமயா?"

"இல்லாமத்தான். வித்தைன்னு ஒண்ணு இருக்கு பாரு."

"பலே" என்று சாம்பார் ஊற்றினாள்.

வாசித்துக் காட்டும் நாள் வந்தது. மேல்மாடியில் வயலின்கள், கீழே வயோலாக்கள். இரண்டும் ஒரே சமயத்தில். ஷோல்டர் ரெஸ்ட் ஒன்று. கழுத்து இரண்டு.

அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் அவள் பெட்டி முன்னால் நின்றேன். இதை எடுத்தால் அவள் வெறும் தோளோடு நிற்பாள். பழக்கமில்லாமல் தடுமாறுவாள். அடித்தளத்துக் கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் எடுத்தேன். சிரிக்க வைக்கத்தான் கதையை ஆரம்பித்தேன், இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். வெளியே வந்ததும் மேனேஜர் எனக்கு முன்னால் வாசித்தவரிடம், "ஆபீஸ் ரூமுக்குக் கொஞ்சம் வாங்க" என்றார். அந்த மனிதர் வயலினைப் பெட்டிக்குள் வைக்க மறந்து, கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். மேனேஜர் என்னிடம், "நாளைக்கு ஒத்திகைக்கு வந்துடுங்க" என்றார். உயிர் வந்தது. உடனே போனது. கீழிருந்து வயோலா சத்தம்.

படிக்கட்டில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். பெரிய சங்கீதக்காரன்.

அவள் வந்தாள். "இருக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். என்னால் தாங்க முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் ஷோல்டர் ரெஸ்ட்டைத் திருடிட்டேன்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப?"

"இன்னைக்கு."

"இன்னைக்கு மட்டுமா?"

"தினமும்."

அவள் கைப்பையைத் திறந்து ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். அகலமான ஷோல்டர் ரெஸ்ட். குட்டைக் கால்கள்.

"இதுதான் என்னோடது. வயோலா அகலத்துக்கு. உங்க வயலின்ல மாட்டினா நிக்கவே நிக்காது, கழண்டு விழும். இதைக் கையால தொட்டுப் பார்த்திருந்தாத்தானே உங்களுக்குத் தெரியும்."

"அப்ப நான் எடுத்தது?"

"உங்களுக்குன்னு வாங்கினது. கையில குடுத்தா வேண்டாம்பீங்க. திருடினா வச்சுப்பீங்க. இத்தனை நாளா உங்க பொருளையே திருடிக்கிட்டு இருக்கீங்க."

"கால் உயரம்?"

"தையல்காரர் எடுத்த அளவு."

"அப்ப என் கோட்?"

"என்ன கோட்?"

முன்சீட்டுக்காரர் இப்போது முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"தையல் கத்துக்கப் போனது?"

"ஒரு பட்டன்கூட தைக்கலை. கீழ உட்கார்ந்து உங்க சுண்டு விரலைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். எந்த இடத்துல விழுது, எந்த இடத்துல எழுந்திருக்குதுன்னு." அவள் குரல் இறங்கியது. "ஒரு வருஷமா எதிர்ல உட்கார்ந்து பார்க்கிறேங்க. உங்க கை கொஞ்சம் கொஞ்சமாப் போறதை. ரொம்பப் பயந்துட்டேன். இது தற்காலிகம்தான். நாளைக்கு ஒத்திகை முடிஞ்சதும் டாக்டர்."

திருடனால் என்ன மறுத்துப் பேச முடியும்? சரி என்றேன். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது.

"நான் உன்னை வெறும் தோளோட விட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போவேன்னு நீ நினைச்சியா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எடுக்க மாட்டீங்கன்னு நம்பணும்னுதான் ஆசை. ஆனாலும் என்னோடதைக் கைப்பையில வச்சுக்கிட்டேன்."

மடியில் இருந்த குட்டைக் கால் ஷோல்டர் ரெஸ்ட்டை எடுத்து அவள் கைப்பைக்குள் நானே திரும்ப வைத்தேன். முன்சீட்டுக்காரரும் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தோம். அவள் சமையலறையில் பால் காய்ச்சினாள். மானம் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஒன்று தட்டுப்பட்டது.

"எது எப்படியோ, என் குரு குடுத்த சின்ரெஸ்ட்டை மட்டும் கடைசி வரைக்கும் நான் விட்டுக்குடுக்கலை. இன்னைக்கு என்னைக் காப்பாத்தினது அந்தக் கட்டைதான்."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"காத்துல அடுப்பு அணையுது. அந்த ஜன்னலைச் சாத்துங்களேன்."

போனேன். கறுப்புக் கட்டையைப் பிடித்து இழுத்தேன். இறுகிக் கிடந்தது. இன்னும் பலமாக இழுத்தேன்.

"மெதுவாங்க" என்றாள். "உங்க குரு குடுத்தது."