மச்சானின் முன்பாய்

வணக்கம். எல்லாரும் சௌக்கியந்தானே? முட்டிவலி, மூச்சிரைப்பு எதுவும் இல்லையே? இங்கே பிஸெர்த்தா துறைமுகத்தில் ஆகஸ்டு வெயிலுக்கு மோர் குடித்தே வயிறு ஊதிக்கிடக்கிறது, மற்றபடி சுகம். சரி, ஹம்மாதியை ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாது. பாவம், மனிதர் ஒருக்களித்துக் கிடக்கிறார்.

அவர் மட்டுமல்ல, அவருடைய படகும் ஒருக்களித்துத்தான் கிடந்தது. ஒரு பக்க விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. படகின் மூக்கிலிருந்து கிளம்பிய முன்பாய், பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால் வரைக்கும் வந்து, வடமேற்குக் காற்றை வாரி வாரிக் குடித்துக்கொண்டிருந்தது.

"ப்ரிக் தட்டு போச்சு!" என்று கத்தினாள் அவர் மனைவி சுஆத். விடியற்காலையில் எழுந்து முட்டை வைத்துப் பொரித்த பலகாரம் மொத்தமும் மீன்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. "பாயை இறக்குங்க!"

"இறங்க மாட்டேங்குதே!"

"அப்போ என்னை இறக்குங்க!"

அந்த நேரம் பார்த்துத்தான் இன்னொரு படகு பக்கத்தில் வந்தது. ஹம்மாதியின் படகுக்கு இரட்டைப் பிறவி. ஒரே அச்சில் வார்த்தது, ஒரே வருடம் வாங்கியது. அதில் ஒரு சின்ன முன்பாய். படகு நிமிர்ந்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் சுஆத்தின் அண்ணன் தாஹர். கையில் தேநீர்க் குவளை வேறு.

"என்ன மாப்ளே, படகோட அடிப்பலகைக்கு வெயில் காட்டுறீங்களா?"

ஹம்மாதிக்குக் காது சிவந்தது. அவர் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மரியாதையான மனிதர். ஆனால் ஆகஸ்டு கடைசி ஞாயிறு நடக்கும் படகுப் பந்தயத்தில் மட்டும் அவர் மரியாதை ஒவ்வொரு வருடமும் மச்சானிடம் மூழ்கிவிடும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை முனையைச் சுற்றிவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்புவதற்குள் தாஹர் முந்திவிடுவார். போன பெருநாள் விருந்தில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தபோது, ஹம்மாதி ஆவேசப்பட்டு ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் மச்சான்கிட்ட தோத்தேன்னா, படகை வித்துடறேன்!"

ரொட்டி மேல் செய்த சத்தியம். சாட்சிக்கு மாமியார் வேறு. சுஆத் மறக்கவே இல்லை. படகு போனால் வாசலில் அதை நிறுத்தும் இடத்தில் எலுமிச்சை மரம் வைப்பதாகத் தீர்மானித்து, குழிகூடத் தோண்டிவிட்டாள்.

கரைக்கு வந்ததும் ஹம்மாதி பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஈரச் சட்டையோடு நேராக ஷெத்லியின் கடைக்குப் போனார். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் பாய் தைத்து விற்கிற கடை அது.

"நீ குடுத்த பாய் என்னைக் கொல்லப் பார்த்துச்சு ஷெத்லி!"

"எது, அந்த நூத்தம்பதா?"

"அதேதான். நூறை விட நூத்தம்பது உசத்தின்னுதானே வாங்கினேன்?"

"ஐயோ தலைவரே, அது மார்க்கு இல்ல!" ஷெத்லி தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு முக்கோணம் போட்டான். "பாய்மரத்துக்கும் படகு மூக்குக்கும் நடுவுல இருக்கிற முக்கோணம் இது. இதோட அடி நீளம்தான் நூறு. அதுக்குள்ள அடங்கி நின்னா ஜிப். மரத்தைத் தாண்டிப் பின்னால வழிஞ்சா ஜெனோவா. உங்களுது ஒன்றரை மடங்கு வழியுது. காத்து செத்துக் கிடக்கிற அன்னைக்கு அது சிங்கம்."

"காத்து அடிக்கிற அன்னைக்கு?"

"அன்னைக்கும் சிங்கம்தான். ஆனா நம்மளைக் கடிக்கும்."

"போன வருஷம் தாஹர் இந்த மாதிரி பெருசைப் போட்டுத்தானே ஜெயிச்சாரு?"

"போன வருஷம் காத்தே இல்லையே."

"இப்போ என்ன போட்டிருக்காரு?"

"சின்ன ஜிப். தொண்ணூறு."

"எனக்கும் தொண்ணூறு குடு."

ஷெத்லி பெருமூச்சு விட்டான். "காத்தைப் பார்த்துப் பாய் போடணும் தலைவரே. மச்சானைப் பார்த்துப் போடக் கூடாது."

"இருக்கா, இல்லையா?"

"இப்போ இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வாங்க. கைக்கு வந்துடும்னு மனசு சொல்லுது. உங்க பெருசை இங்கயே போட்டுட்டுப் போங்க."

ஷெத்லியின் மனசு பொய் சொல்லவில்லை. சொன்னபடி தொண்ணூறு வந்தது. ஓரத்தில் வெயில் தாங்குவதற்காக நீலத்துணி வைத்துத் தைத்த, அழகான சின்னப் பாய். ஹம்மாதி எப்போதும் நீல ஓரம்தான் கேட்பார். மச்சானுடையது பச்சை.

மறுநாளே ஹம்மாதி கடலுக்குப் போனார். காற்று செத்துவிட்டது. சின்னப் பாய் காயப்போட்ட கைக்குட்டை மாதிரி தொங்கியது. படகு நகரவில்லை. மிதிபடகில் இரண்டு பாட்டிகள் சூரியகாந்தி விதை கொறித்தபடி அவரைக் கடந்து போனார்கள்.

"தம்பி, ரிப்பேரா?" என்று ஒரு பாட்டி கேட்டாள்.

"இல்லம்மா. ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"ஆண்டவன் துணை இருக்கட்டும்."

அப்போது பின்னாலிருந்து பெரிய வெள்ளை மேகம் மாதிரி ஒரு பாய் வந்தது. ஓரம் பச்சை.

"மாப்ளே!" என்றது தாஹரின் குரல். "நங்கூரத்தை எடுக்க மறந்துட்டீங்க போல!"

ஹம்மாதி கரைக்குத் திரும்புவதற்குள் மாலையாகிவிட்டது. ஷெத்லி கடையை அடைத்துக்கொண்டிருந்தான்.

"என் பழைய பெரிய பாயைத் திருப்பிக் குடு!"

"அது போயிடுச்சே தலைவரே."

"யாருக்கு?"

"பாய்க்காரனும் மருத்துவச்சியும் ஒண்ணு. யார் வீட்டுக்கு என்ன போச்சுன்னு வெளியில சொல்லக் கூடாது." பிறகு உள்ளே போய் ஒரு பையை இழுத்து வந்தான். "சின்னதை இங்க போட்டுட்டு இதை எடுத்துட்டுப் போங்க. நூத்திமுப்பது. ரொம்பப் பெருசும் இல்ல, ரொம்பச் சின்னதும் இல்ல. காத்து கூடினா மூக்குக் கம்பியில பாதியைச் சுருட்டிக்கலாம். ஒரே பாயில ரெண்டு பாய்!"

ஒரே பாயில் இரண்டு பாய் என்றதும் ஹம்மாதி குளிர்ந்துவிட்டார். பாயின் கயிறு ஓடும் வளையத்தை, புதுப் பாயின் அளவுக்கு ஏற்ப முன்னே பின்னே தள்ள வேண்டும் என்று ஷெத்லி சொன்னது அவர் காதில் விழவில்லை. கடையை விட்டே வெளியேறியிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காற்று நன்றாக இருந்தது. ஹம்மாதி பாயைப் பாதி சுருட்டினார். சுருட்டிய பாய் நடுவில் தொந்தி போட்டது. தொந்தியைக் குறைக்க இன்னும் கொஞ்சம் சுருட்டினார். கீழ்ப்பக்கம் இறுகி, மேல்பக்கம் படபடவென்று அடித்தது. அவிழ்க்கப் பார்த்தார். கயிறு சிக்கிக்கொண்டது. படகு ஒரு பக்கமாகவே திரும்பித் திரும்பி, பழைய துறைமுகத்தின் நட்டநடுவில் செக்குமாடு மாதிரி சுற்றத் தொடங்கியது.

மூன்றாவது சுற்றில் மீனவர்களின் வலை ஒன்றையும் இழுத்துக்கொண்டது.

"யோவ் கண்ணாடிக்கடை!" என்று ஒரு மீனவர் கத்தினார். "உனக்கே ஒரு கண்ணாடி போட்டுக்கோய்யா!"

கரையோரக் காப்பிக்கடையில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். படகில் கூடவே இருந்த சுஆத் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"எலுமிச்சங்கன்னு சொல்லி வச்சுட்டேன்," என்றாள் உள்ளேயிருந்து. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வருது."

"பந்தயமே இன்னும் முடியலையே!"

"இதைப் பார்த்த பொறவுமா?"

ஞாயிறு வந்தது. காற்று காலையிலேயே விசில் அடித்தது. ஹம்மாதி படகில் நின்று தொலைநோக்கியால் மச்சானின் படகைப் பார்த்தார். இந்தக் காற்றுக்கு அவர் என்ன போடப் போகிறார் என்று தெரிந்தால் போதும்.

மச்சானின் படகில் முன்பாயே இல்லை. வெறும் கம்பி நின்றது.

"சதி!" என்றார் ஹம்மாதி. "கடைசி நிமிஷத்துல புதுசா எதையோ மாட்டப் போறாரு."

"எங்க அண்ணனுக்கு அவ்வளவு மூளை எல்லாம் கிடையாதுங்க," என்றாள் சுஆத்.

அவர் கேட்கவில்லை. சிக்கலும் சுருக்கமுமாக இருந்த நூற்றுமுப்பதைக் கழற்றிப் பையில் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். இந்தக் காற்றுக்குத் தொண்ணூறுதான். தான் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த அதே தொண்ணூறு.

கடைக் கதவை மோதித் திறந்தார். உள்ளே ஷெத்லி இல்லை. அவன் மனைவி கமர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, தோளில் ஒரு பெரிய பையோடு, தாஹர் நின்றிருந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான்! நீங்க எங்க இங்க?"

"சும்மா... ஒரு தையல் பிரிஞ்சுது. நீங்க, மாப்ளே?"

"எனக்கும் ஒரு தையல்."

"எங்க வீட்டுக்காரரு பந்தயம் பார்க்கப் போயிட்டாரு," என்றாள் கமர். "உங்க ரெண்டு பேரையும் பார்க்கத்தான் போறேன்னாரு."

"மாப்ளே, உண்மையைச் சொல்லிடறேன்," தாஹரின் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை நீங்க துறைமுகத்துக்குள்ளயே சுத்திச் சுத்திப் பழகினீங்களே, அதைப் பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. வலையைக்கூட விடாம இழுத்துட்டுப் போச்சே, அது என்ன பாய்? அதே மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு வந்தேன்."

ஹம்மாதி தோளிலிருந்த பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"நான் எப்பவும் உங்களைப் பார்த்துத்தானே பாய் மாத்தறேன்," என்றார் தாஹர்.

அப்போது துறைமுகப் பக்கமிருந்து சங்கு ஊதியது. நீளமாக, ஊரே கேட்கும்படி. பந்தயம் தொடங்கிவிட்டது.

ஹம்மாதியின் கைபேசி அலறியது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?" சுஆத்தின் குரல். "எல்லாரும் கிளம்பியாச்சு! எங்க அண்ணனையும் காணோம்!"

ஹம்மாதி எதிரே நின்ற மச்சானை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"சுஆத், கன்னு வேணாம்னு சொல்லிடு. உங்க அண்ணனும் ஓடல, நானும் ஓடல. அப்போ நான் தோக்கவே இல்ல!"

கைபேசியை வைத்துவிட்டு மச்சானைக் கட்டிக்கொண்டார். ஆனந்தம் அடங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"எல்லாம் உங்களால வந்தது மச்சான். நீங்க ஒரு நல்ல பாய் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன்."

"நல்லா இருக்கே! நீங்க பெருசு போட்டதாலதானே நான் பெருசுக்கு அலைஞ்சேன்?"

"என் பாய்க்கு உங்க பாய் உறை போடக் காணாது!"

"என் பாய் கிட்ட உங்க பாய் நிக்க முடியுமா?"

கமர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்குங்க சண்டை? வருஷக்கணக்கா இருக்கிறதே இந்த மூணு பாய்தான். ஒண்ணு உங்க படகுல, ஒண்ணு இவரு படகுல, ஒண்ணு எங்க கடையில. நீல ஓரத்தைப் பிரிச்சுப் பச்சை, பச்சையைப் பிரிச்சு நீலம்னு தச்சுத் தச்சு என் விரல்தான் தேஞ்சு போச்சு. இன்னைக்கு ஒரு நாளாவது நீங்களே மாத்திக்கிட்டுப் போயிடுங்களேன்!"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மச்சான் இல்லாமலா இருப்பார்? வெட்கப்படாமல் எழுதிப் போடுங்கள், நான் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.