முதல் லோடு

சாவியை முறுக்கியதும் வண்டி இருமியது. மறுபடி முறுக்கினார், முனகியது. இன்னொரு தடவை முறுக்குவதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது.

“என்ன மச்சான், எழுந்திரிக்க மாட்டேங்குதா?”

பிக்கப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு வண்டி கிளம்பாததைவிட அந்த ‘மச்சான்’தான் அதிகம் உறைத்தது. அவர் பெயிண்ட் கடை முதலாளியின் தங்கையைக் கட்டியவர். கல்யாணமான மறுவாரமே அந்தக் கடையில் டப்பா அடுக்கப் போனார். முதலாளி மச்சான் என்று கூப்பிட்டார், கணக்குப்பிள்ளை கூப்பிட்டார், பிரஷ் வாங்க வந்தவனெல்லாம் கூப்பிட்டான். கடைசியில் பால் போடுகிறவனுக்குக்கூட அது ‘மச்சான் வீடு’ என்றாகிவிட்டது. சொந்தப் பெயரை ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் அவரே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் ஒருநாள் கடைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, கையிலிருந்ததையெல்லாம் துடைத்துப்போட்டு, பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இனிமேல் உலகம் அவரை ஓனர் என்று கூப்பிடட்டும்.

“ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

“கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கல.”

“சரிதான்” என்றாள் அவள். அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. காலை, மாலை, படுக்கப்போகும் முன் என்று வேளை தவறாமல் சண்டை போட்டுவந்தவள், சட்டென்று நிறுத்திவிட்டாள். முன்னறையில் தையல் மிஷினை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓனரின் மனைவி என்றதும் தானாக ஒரு பொறுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று மச்சான் நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகளுக்கு இப்படி நினைத்துக்கொள்ளத் தனியாக ஒரு தைரியம் இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஆபீஸ் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெரு அவருக்கு வைத்த பெயர் ஜீப்பு.

“சாவியைப் போட்டதும் முறுக்கக் கூடாதுப்பா. அங்க பாரு, சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியுதா? அது அணையற வரைக்கும் பொறுக்கணும். டீசல் உள்ள சூடானாத்தான் பத்தும்.”

மச்சான் பொறுத்தார். விளக்கு அணைந்தது. வண்டி பிடித்துக்கொண்டது. கூடவே தகரக் கொட்டகைமேல் கல்மழை பெய்வதுபோல் ஒரு தடதடப்பு. அவர் ஆயுள் முழுக்க பெட்ரோல் ஸ்கூட்டர் ஓட்டியவர். உடனே அணைத்துவிட்டார்.

“ஏன்பா அணைச்சே?”

“உள்ள ஏதோ உடையுது சார்!”

“டீசல்னா அப்படித்தான் பேசும். ஆனா...” ஜீப்பு தலையைச் சாய்த்துக் காற்றை முகர்ந்தார். ஓய்வு பெற்றவர்களின் இந்த ‘ஆனா’தான் ஆபத்து. “ஃபில்டர்ல தண்ணி நிக்குது. அடியில ஒரு திருகு இருக்கும். கொஞ்சமா திற, தண்ணி வடியும், மூடிடு. அவ்வளவுதான்.”

அன்று மத்தியானமே, அவர் நம்பர் கொடுத்துவைத்திருந்த லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஞாயிறு காலை ஒரு லோடு, வீடு மாற்றுகிற சாமான்.

“எங்க ஏத்தணும் சார்?”

“அதெல்லாம் நீங்க கேக்கக் கூடாது ஓனர். லோடுமேன் வருவாரு, அவருக்குத் தெரியும்.”

அந்த ஆபீஸின் வழக்கம் அது. விலாசம் தெரிந்துவிட்டால் வண்டிக்காரன் பார்ட்டியோடு நேரடியாகப் பேசி, கமிஷனை விழுங்கிவிடுவானாம். விலாசத்தைச் சுமை தூக்குகிறவர்களிடம் மட்டும்தான் சொல்வார்கள்.

“ஒண்ணு மட்டும் சொல்றேன். முதல் லோடுலயே வண்டி நின்னுச்சுன்னா அடுத்த லோடு கிடையாது. உங்க நம்பரைக் கிழிச்சுப் போட்டுடுவேன்.”

மச்சானுக்கு மிரட்டலே காதில் விழவில்லை. ‘ஓனர்’ மட்டும்தான் விழுந்தது. நேராக முன்னறைக்கு ஓடினார்.

“லோடு வந்துடுச்சு! ஞாயித்துக்கிழமை காலையில. யாரோ வீடு மாத்துறாங்களாம்.”

தையல் மிஷின் நின்றது. அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “நம்ம வண்டிக்கா வந்துச்சு?”

“பின்னே?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, “ஓடுமா?” என்றாள்.

“ஓட வெச்சுக் காட்டுறேன் பாரு.”

அந்த வேகத்தில் போய் ஃபில்டர் திருகைத் திறந்தார். கொஞ்சமாகத் திற என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று ஜீப்பு சொல்லவில்லை. மூடும்போது இறுக்கினால் உடைந்துவிடுமோ என்று பயந்து லேசாக விட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் டீசல் முழுக்கத் தெருவில் கிடந்தது. தெருமுனைவரை வானவில் பூத்திருந்தது. வேலைக்குக் கிளம்பியவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மச்சானின் பரம்பரையை விசாரித்தபடி நடந்தார்கள். மனைவி ஒன்றும் சொல்லாமல் மண்ணை அள்ளிவந்து கொட்டினாள்.

“டாங்க்கை வறள விடலாமாப்பா?” ஜீப்பு நெற்றியில் அடித்துக்கொண்டார். “பெட்ரோல் வண்டின்னா ஊத்திட்டுப் போயிடலாம். இதுல லைன்ல காத்து ஏறிடும். ஃபில்டர் மேல இருக்கிற பம்பைக் கையால அமுக்கி அமுக்கிக் காத்தை வெளியேத்தணும்.”

டீசல் ஊற்றி, அமுக்கினார். கட்டைவிரல் வீங்கும்வரை அமுக்கினார். பிறகு காற்று போயிருக்கும் என்று தானே முடிவுசெய்து சாவியை முறுக்கினார். முறுக்கிக்கொண்டே இருந்தார். வண்டி முதலில் கெஞ்சியது, அப்புறம் முனகியது, கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பேட்டரி போய்ச் சேர்ந்தது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜரில் போட்டார். வைக்க வேறு இடமில்லாமல் மனைவியின் வெட்டுமேஜையில் வைத்தார். அங்கே யாருடைய கல்யாணத்துக்கோ தைக்க வந்த பட்டுத்துணி விரித்திருந்தது. சாயங்காலம் பார்த்தால் ஆசிட் தெறித்து அதில் காசு காசாக ஓட்டை.

இந்தத் தடவை வீடு இடியும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவள் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மடித்து வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை ஓடுமா?” என்று மட்டும் கேட்டாள்.

மச்சான் வாசலுக்கு வந்து ஜீப்பிடம் சொன்னார்: “தங்கம் சார் அவ. நான்தான் இத்தனை வருஷமா புரிஞ்சுக்கல.”

“என் வீட்டுக்காரியா இருந்தா அந்த பேட்டரியை என் தலையில போட்டிருப்பா” என்றார் ஜீப்பு, பொறாமையோடு.

மறுநாள் அவள் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்தாள். சாமான் ஏற்றும் தொட்டியின் நீளத்தை அளந்தாள், அகலத்தை அளந்தாள், பக்கத்தகட்டின் உயரத்தையும் அளந்தாள்.

“எதுக்கும்மா?”

“சும்மாதான்.”

அவர் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போனதும் ஜீப்பின் காதில் கிசுகிசுத்தார்: “தார்ப்பாய் தைக்கப் போறா. எனக்குச் சொல்லாம செய்யறாளாம்.”

“அடியில ரப்பர் பாய் போடுங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “இல்லேன்னா சாமான் தேஞ்சுடும். மேல பழைய போர்வையெல்லாம் விரிச்சிருங்க. கயிறு மட்டும் நல்ல கயிறா வாங்குங்க.”

“கேட்டீங்களா சார்? எனக்கே தோணல இதெல்லாம்!”

சொன்னபடியே எல்லாம் செய்தார். டயருக்குக் காற்று அடித்தார். லோடு ஏற்றினால் பின்டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்று ஜீப்பு சொன்னதைக் கேட்டு, பந்துபோல் ஆகும்வரை அடித்தார். வாசலில் வைத்தே வண்டியைச் சோப்பும் தண்ணீருமாகக் கழுவினார். சாப்பாட்டுத் தட்டைக்கூட வண்டிக்கே வரவழைத்தார். இரவில் சீட்டிலேயே கால் நீட்டினார். வீட்டுக்குள் அவர் போய்வந்தது குளிக்க மட்டும்தான். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் ஃபில்டரைக் கழற்றி மாட்டியபடி. அலமாரி காலியாகிக்கொண்டிருந்தாலும் பார்த்திருக்க மாட்டார் என்று தெருவில் பின்னால் பேசிக்கொண்டார்கள். அது பின்னால்.

வண்டி மட்டும் கிளம்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெயிண்ட் கடை முதலாளி ஸ்கூட்டரில் அந்தப் பக்கமாக வந்தார். நிறுத்தினார். இறங்கவில்லை.

“என்ன மச்சான், இன்னும் நிக்குதா?”

“நாளைக்குப் பாருங்க.”

“பாக்கத்தானே போறேன்” என்றார் முதலாளி. “உங்க இடம் அப்படியேதான் இருக்கு. டப்பாவெல்லாம் தூசி புடிச்சுக் கெடக்கு. எப்ப வேணும்னாலும் வரலாம்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். மச்சான் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. நாளைக்கு வண்டி நகராவிட்டால், திங்கள்கிழமை அந்த ஏணியில் ஏறி, வெள்ளை டப்பாவை வெள்ளையோடும் பச்சையைப் பச்சையோடும் அடுக்க வேண்டியதுதான். மீதி ஆயுள் முழுக்க. கண்ணில் நீர் வந்தது. கையெல்லாம் கிரீஸ், துடைக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் மனைவி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளே தேடிப் போயிருக்கிறாள்.

“எப்படியாவது நாளைக்குக் காலையில ஓடணும் தம்பி. வேற வழியே இல்லை எனக்கு.”

மெக்கானிக் பானட்டுக்குள் தலையை விட்டான். திருகைப் பார்த்தான், பம்பைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே. நல்லா இருந்த வண்டி. யாரோ ரிப்பேர் பண்ணியிருக்காங்க.”

ஜீப்பு மெதுவாக ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

காற்றை வெளியேற்றி, திருகை ஒழுங்காக இறுக்கி, பின்டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டான் மெக்கானிக். வேறு பேட்டரியும் போட்டான். விளக்கு அணைந்தது, வண்டி தடதடவென்று பேசியது. அவள் மெக்கானிக்குக்கு டீ கொடுத்தாள். கூலியையும் தன் சுருக்குப்பையிலிருந்து தானே எடுத்துக் கொடுத்தாள்.

“கொடுத்து வெச்சவர்ண்ணே நீங்க” என்றான் அவன், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபடி. “எந்த வீட்டுல பொம்பளைங்க வண்டிக்காக இப்படி அலையுறாங்க?”

மச்சான் குனிந்து பம்பரைத் துடைக்கத் தொடங்கினார். நிமிர்ந்தால் அழுதுவிடுவார்.

ஞாயிறு காலை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வண்டியை உயிர்ப்பித்து வாசலில் நிறுத்தியிருந்தார். அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்று அணைக்கவில்லை. அந்தத் தடதடப்பில் உலகத்தில் வேறு எதுவும் அவர் காதில் விழவில்லை. இப்போது அது அவருக்குச் சங்கீதமாகவே இருந்தது.

தோளில் துண்டும் கையில் பீடியுமாக ஒரு லோடுமேன் சைக்கிளில் வந்து இறங்கினார். வண்டி நம்பரைப் பார்த்தார், தலையாட்டினார்.

“ஏறுங்க, ஏறுங்க! நேரமாச்சு. எந்தப் பக்கம் திருப்பணும்?” என்று கத்தினார் ஓனர்.

லோடுமேன் ஏறவில்லை. பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார். வண்டிக்குப் பின்னால் போய், கொண்டியைத் தட்டித் தொட்டிக் கதவை இறக்கினார்.

“எங்கண்ணே திருப்பறது, ஏத்துறதே இந்த வீட்டுலதான், தையல் மிஷினை முதல்ல தூக்கச் சொல்லியிருக்காங்க அந்த அக்கா, இறக்குறது அவங்க அண்ணன் பெயிண்ட் கடை மாடியில.”