டிபார்ட்மெண்ட் அண்ணனுக்குப் பிள்ளை பிறக்க வேண்டிய வருஷம்

இந்த உலகத்தில் ரத்தக்கொதிப்பு என்கிற வியாதி ஒரே ஒரு மனிதரைப் பார்த்துத்தான் 'ஐயா, ஆளை விடுங்க' என்று கும்பிட்டுவிட்டு ஓடியிருக்கிறது. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் நான் பல வருஷம் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்ப்போர்ஷன்காரர் அவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்குக் கட்டாயம் இருந்திருக்கும். அது கர்த்தருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மற்ற எல்லோருக்கும் அவர் டிபார்ட்மெண்ட் அண்ணன்.

உடனே ஏதோ கவர்ன்மெண்டு உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். திருவொற்றியூரில் கன்டெய்னர் சரக்கு இறக்குகிற யார்டு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். பெயர் வந்தது அவருடைய சித்தாந்தத்தால். உலக விவகாரம் மொத்தத்தையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார் மனிதர். நம்மால் ஆகக்கூடியது 'நம்ம டிபார்ட்மெண்ட்'. ஆகாதது 'மேல டிபார்ட்மெண்ட்', அதாவது கர்த்தருடையது. அதில் நாம் தலையிடக் கூடாது. வருவதை வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே காம்பவுண்டில் குடியிருந்து பாருங்கள், அப்புறம் தெரியும்.

நானோ பஸ் தாமதமாக வந்தால் கண்டக்டரை நிறுத்தி வைத்து நியாயம் கேட்கிற ஜாதி. ஒரு மே மாதம் மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய், ஐந்து மணியாகியும் வரவில்லை. வியர்வையில் குளித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். அண்ணன் வாசலில் லுங்கியோடு உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஈபிக்குப் போன் பண்ணிச் சொன்னீங்களா இல்லையா?"

"கரண்டு மேல டிபார்ட்மெண்டும்மா."

"மேலன்னா? போஸ்ட் கம்பத்துக்கு மேலயா?"

"அத்துக்கும் மேல. நுங்கு துண்றியா?"

பெருமழையில் அவர் வீட்டு ஹாலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிய அன்று, அவர்கள் என்ன ஆனார்களோ என்று பதறிக்கொண்டு ஓடினேன். கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிளாஸ்டிக் முறத்தால் எதையோ துரத்திக்கொண்டிருந்தார். "ஸ்டெல்லா! மார்க்கெட்டுக்குப் போவாத. மீனு வூட்டாண்டயே வந்துகீது!"

ஸ்டெல்லா அக்கா அவருடைய மனைவி. சித்தாந்தத்தின் முழு பாரத்தையும் சுமந்தவர் அவர்தான். சமையலறைக் குழாய் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்யச் சொன்னால், தண்ணீர் வருவதும் நிற்பதும் மேலேயிருந்து தீர்மானமாகிற விஷயம் என்பார். ஒரு நாள் அக்காவின் குரல் மாடி வரைக்கும் கேட்டது. "யோவ், வாஷர் போயிருச்சுய்யா! வாஷர் மாத்த கர்த்தரு ஸ்பேனர் எடுத்துக்கினு வருவாரா?" அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "நீ சொல்றதும் கரீட்டுதான். வாஷரு நம்ம டிபார்ட்மெண்ட்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு குழாய்க்கு அடியில் பக்கெட்டை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் தமாஷ். தமாஷே இல்லாத ஒரு விஷயமும் அந்த வீட்டில் இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், ஜாஸ்மின். எண்ணூரில் வாழ்க்கைப்பட்டவள், ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் அப்பா அம்மாவின் சர்ச்சுக்கே வந்துவிடுவாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளையில்லை. பார்க்காத டாக்டரில்லை, போடாத ஊசியில்லை. கடைசியில் டாக்டரம்மாவே, "போதும்மா, உடம்பைப் போட்டு வருத்திக்காத" என்று சொல்லிவிட்டார். அழுது தீர்த்துவிட்டு ஜாஸ்மினும் மாப்பிள்ளையும் மனசைத் தேற்றிக்கொண்டார்கள். சபையார்தான் தேறவில்லை. அவர்களுக்குத் தலைவி எஸ்தர் ஆன்ட்டி. நல்ல மனுஷிதான், ஆனால் வாயைப் பூட்ட ஆளில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஜாஸ்மினின் வயிற்றை முதலில் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார். "இன்னாம்மா, இந்த மாசமாச்சும் ஏதாச்சும் விசேஷமா?"

கேட்டுக் கேட்டு அந்தப் பெண் சர்ச்சுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். வந்தாலும் கடைசி பெஞ்ச். கடைசிப் பாட்டு முடிவதற்குள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவிடுவாள். அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு அவள் போவதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் சொன்ன அந்த 'மேல டிபார்ட்மெண்ட்' என்ற வார்த்தை மகள் முன்னால் மட்டும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எனக்கோ எஸ்தர் ஆன்ட்டியின் வாயில் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும்போல ஆத்திரம் வரும்.

அவர்களுடையது சின்ன சபை. மதத்தில் சேர்த்தியில்லாத நானும் பல ஞாயிறு அவர்களோடு போய் உட்கார்ந்திருக்கிறேன், ஜனவரி முதல் தேதி காலை ஆராதனையைத் தவறவே விடமாட்டேன். ஆராதனை முடிந்ததும் அங்கே போடுகிற பிரியாணிமேல் எனக்கிருந்த விசுவாசம் அப்படிப்பட்டது. அன்றைக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு தட்டு நிறைய, வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் வரிசையில் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் அவருக்குக் கொடுக்கிற வாக்குத்தத்தம். எடுத்ததை மைக்கில் சத்தமாக வாசிக்க, சபை மொத்தமும் 'ஆமென்' என்று சொல்லும்.

இதிலும் கள்ளாட்டம் உண்டு. பிடிக்காத வசனம் வந்தால், 'ரெண்டு ஒட்டிக்கினு வந்துருச்சு பாஸ்டர்' என்று எஸ்தர் ஆன்ட்டி திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுப்பார். டிபார்ட்மெண்ட் அண்ணன் அந்த விஷயத்தில் நெருப்பு. விரல் பட்டது எதுவோ அதுதான். ஒரு வருஷம் மலையைப் பற்றிய வசனம் வந்தது. ராயபுரத்தில் மலைக்கு எங்கே போவது? குடும்பத்தோடு மின்சார ரயில் பிடித்துப் போய்ப் பரங்கிமலை ஏறிவிட்டு வந்தார்.

நான் சொல்ல வந்த வருஷம், வரிசையில் அண்ணன், அவருக்குப் பின்னால் ஜாஸ்மின், அவளுக்குப் பின்னால் நான். அண்ணன் ஒன்றை எடுத்தார். ஜாஸ்மின் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மைக் பக்கம் போகாமல் அப்படியே நின்றுவிட்டாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பிள்ளையில்லாமல் காத்திருந்த ஒருத்தி முதிர்ந்த வயதில் பிள்ளை பெற்றதைச் சொல்கிற வசனம்.

இதை மைக்கில் வாசித்தால் சபையே அல்லேலூயா போடும். அப்புறம் வருஷம் முழுக்க, வாரா வாரம், அத்தனை கண்ணும் அவள் வயிற்றின்மேல்தான். இனி இந்தப் பெண் சர்ச் வாசலை மிதிக்கவே மாட்டாள்.

அண்ணன் மகளின் முகத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். எடுத்தது எடுத்ததுதான் என்று வருஷா வருஷம் எல்லோரிடமும் சண்டை போட்ட மனிதர், அதைச் சட்டென்று அவள் கையிலிருந்து பிடுங்கினார்.

"ஐய, இது என்னுதும்மா. கை மாறிப்பூட்ச்சு. தொ, இத்தான் உன்னுது."

தன்னுடைய அட்டையை அவள் கையில் திணித்துவிட்டு, நேராக மைக்குக்குப் போய், கணீரென்று வாசித்தார். முதிர்ந்த வயதில் பிள்ளை!

முதலில் கீபோர்டு வாசிக்கிறவர் 'க்ளுக்' என்றார். அடுத்த நொடி சபையே குலுங்கியது. பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கர்த்தரால் எல்லாம் கூடும். சகோதரருக்கு வயது?" என்றார்.

"அறுவது ஆவப்போவுது பாஸ்டர். ஆமென் சொல்லுங்க."

"ஆமென்" என்றது சபை. ஸ்டெல்லா அக்கா முக்காட்டை மோவாய் வரைக்கும் இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றோடு விட்டிருந்தால் மறுவாரமே மறந்திருப்பார்கள். அண்ணன் விடவில்லை. எஸ்தர் ஆன்ட்டி ஜாஸ்மின் இருக்கும் திசையில் ஓரடி எடுத்து வைத்தால் போதும், குறுக்கே போய் நிற்பார். "எஸ்தரக்கா, தொட்டிலுக்குத் தேக்கு நல்லதா, வேங்கை நல்லதா?" அடுத்த வாரம், "எஸ்தரக்கா, பொட்டப் புள்ளையா இருந்தா இன்னா பேரு வைக்கலாம்?" யார்டில் சிநேகிதர்கள் ஃபோர்க்லிஃப்டில் ஒரு கிலுகிலுப்பையைக் கட்டிவிட்டார்கள். அதை அவிழ்க்காமல், ஹாரனுக்குப் பதில் ஆட்டிக்கொண்டே ஓட்டினார். காசிமேட்டில் மீன்காரம்மா, "இன்னா நைனா, வூட்ல எத்தினி மாசம்?" என்று வாரினால், "அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா. நல்ல வஞ்சிரமா போடு, அவளுக்கு சத்து வோணும்" என்று பதில் வரும்.

பாஸ்டரே ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். "சகோதரரே, அந்த வசனத்தை ஆவிக்குரிய அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று பக்குவமாகச் சொன்னார்.

"எடுத்துக்கினேன் பாஸ்டர். அப்டியே ஒரு தொட்டிலும் எடுத்துக்கலாம்னு கீறேன்."

ஸ்டெல்லா அக்கா புருஷனோடு பேச்சை நிறுத்தினார். "ஊரே சிரிக்குது. என் மானத்த வாங்குறதுக்குன்னே பொறந்துகீறான்" என்று வெங்காயத் தட்டும் கத்தியுமாக என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. அட்டை யாருடையது, யார் கையிலிருந்து யார் பிடுங்கினார் என்று கண்ணால் கண்டதை அப்படியே சொல்லிவிட்டேன். அக்கா நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "லூசு மனுசன்" என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறு ஞாயிறு நடந்ததைப் பார்த்து என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா எஸ்தர் ஆன்ட்டிக்கு நேர் எதிரே வந்து நின்றார். இடுப்பில் ஒரு கையை வைத்தார். "அம்மாடி, இன்னான்னு தெர்ல எஸ்தரு, காலேலேர்ந்து தல சுத்துது, புளிப்பா ஏதாச்சும் துண்ணா தேவலாம்போலக் கீது" என்று பெருமூச்சு விட்டார்.

எஸ்தர் ஆன்ட்டி மிரண்டுபோனார். அன்றிலிருந்து அவருக்கு வேறு ஜோலியே இல்லை. மாங்காய் ஊறுகாய் என்ன, சுக்குக் கஷாயம் என்ன, எல்லாம் ஸ்டெல்லா அக்காவுக்குத்தான். ஜாஸ்மினிடம் 'விசேஷமா' என்று கேட்க ஆளே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவள் மெல்ல மெல்ல முன்னால் வந்தாள். ஜெப வேளையில் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் உருக்கமான ஜெபம் என்று நினைத்தார்கள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் டிசம்பர் வந்ததும் எனக்கு உதறல் எடுத்தது. புது அட்டை எடுப்பதற்கு முன்னால், போன வருஷத்து வாக்குத்தத்தம் எப்படி நிறைவேறியது என்று சாட்சி சொல்லச் சொல்வார்கள். நிறைவேறியது என்றால் பொய். இல்லை என்றால், விளையாட்டு அதோடு முடிந்தது. எஸ்தர் ஆன்ட்டியின் கண் திரும்பவும் ஜாஸ்மின்மேல்தான் போகும்.

ஜனவரி முதல் தேதி. சர்ச்சில் நிற்க இடமில்லை. பாஸ்டர் சிரிப்பை மறைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டார். அவர் மேடையேறி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"பொறக்கல பாஸ்டர்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நான் மெய்யாலுமேதான் கேட்டேன். தெனம் முட்டி போட்டுக் கேட்டேன். அவரு குடுக்கல. இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளு கோவமாக்கூட இருந்துச்சு. அப்பால, சரி, உன் இஸ்டம்னு உட்டேன். அவரே குடுக்காத வூட்டுல போயி, இன்னா ஆச்சு, இன்னா ஆச்சுன்னு நாம கேட்டுக்கினே இருந்தா..."

அதற்கு மேல் குரல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அப்போது முன் பெஞ்சிலிருந்து ஜாஸ்மின் எழுந்தாள். மேலே போய், அப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"அது என் கார்டு. டாடி என் கைலேர்ந்து புடுங்கிக்கினாரு. எனக்குத்தான் பொறக்கல. இனிமே பொறக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அழுதோம். இப்ப நானும் எங்க வூட்டுக்காரரும் நல்லா கீறோம், ஸ்தோத்திரம். ஆன்ட்டி, இனிமே என்னாண்ட ஏதாச்சும் கேக்கணும்னா, சாப்டியான்னு கேளுங்க. போதும்."

எஸ்தர் ஆன்ட்டி எழுந்தார். தட்டுத் தடுமாறி மேலே போய் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தாரை தாரையாக நீர்.

"சாப்டியாம்மா?"

"எங்க ஆன்ட்டி, இன்னும் பிரியாணியே வரல."

சபை சிரித்த சிரிப்பில் பாஸ்டர் ஆமென் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. டிபார்ட்மெண்ட் அண்ணன் தூணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்கா அவர் முதுகைத் தடவியபடி, "மூக்க சட்டைல தொடைக்காத, புதுசு" என்று அதட்டினார்.

அப்புறம் அட்டைத் தட்டு வந்தது. எனக்கும் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்துத் திருப்புவதற்குள், சிவந்துபோன கண்ணோடு அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லதா வந்துகீதா தங்கச்சி? இல்லன்னா எங்கிட்ட குடுத்துரு, நான் வெச்சுக்கிறேன்."

நல்ல வசனம்தான் வந்திருந்தது. ஆனாலும் அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை வாங்கி வைத்துக்கொண்டேன்.