காலை மடக்கக் கூடாது

அந்த ஆஸ்பத்திரி அறையில் அப்போது இருந்தவர்கள்: கட்டிலில் கொக்குவில் கனகலிங்கம், கதவடியில் மனைவி பூரணம், சுவரில் ஓடாத மணிக்கூடு ஒன்று.

கனகலிங்கத்தின் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒடுங்கி, எந்தக் குளிசைக்கும் அடங்காமல் பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் தொடையடியால் கம்பி விட்டு, ஒடுங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைத்து விரித்துவிட்டார்கள். பின்னேரம் வரை வலது காலை மடக்கக் கூடாது.

வெளியே எட்டிப் பார்த்த பூரணம் வெளிறிப்போய்த் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, அருந்ததி வாறா."

அருந்ததி மாப்பிள்ளையின் தாய். இவர்களின் மகள் கோபிகாவைத் தன் மகனுக்குச் செய்வதா விடுவதா என்று வெள்ளிக்கிழமை சொல்ல இருந்தவள். முதல் பார்த்த பெண்ணை, தகப்பனுக்குச் சீனி வருத்தம் என்று தட்டிக் கழித்தவள். கிட்னி என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமை வரை பொறுக்க மாட்டாள்.

"கக்கூசுக்குள்ளை போய் நில்லுங்கோ."

"காலை மடக்காமல் எப்பிடிப் போறது? பறக்கிறதோ?"

பூரணம் பெட்சீற்றை இழுத்து அவரைத் தலைவரை மூடினாள். அருந்ததி அவசரமாய் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பூரணத்தைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"நீங்கள் இஞ்சை என்ன?"

"தெரிஞ்ச ஆள் ஒருத்தரைப் பார்க்க வந்தனான். நீங்கள்?"

"எங்கடை ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கு." அருந்ததியின் பார்வை கட்டிலுக்குப் போனது. குரல் தாழ்ந்தது. "ஐயோ. எப்ப மோசம் போனவர்?"

உயிரோடு இருக்கிறார் என்றால் முகத்தைத் திறக்க வேண்டும்.

"இப்பதான்," என்றாள் பூரணம்.

"பிள்ளையள்?"

"ஒண்டு. பொம்பிளைப் பிள்ளை. கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம்."

"தகப்பன் செத்த வீட்டிலை இனி ஒரு வருசத்துக்குக் கலியாணம் இல்லை."

பெட்சீற்றுக்குள் கனகலிங்கம் இருமினார்.

அருந்ததி சுவரோடு ஒட்டினாள்.

"உள்ளுக்கிருந்த காத்து வெளிக்கிடுது," என்றாள் பூரணம்.

"காத்துக்கு ஏன் பெருவிரல் ஆடுது?"

அருந்ததி பெட்சீற்றை உரித்தாள்.

"வாங்கோ, இருங்கோ," என்றார் கனகலிங்கம். வேறென்ன சொல்வது?

"சவத்துக்கு என்ன வருத்தம்?"

"நாரிப்பிடிப்பு," என்றார் அவர்.

"வயித்துக்குத்து," என்றாள் அதே நேரம் பூரணம்.

கதவைத் தள்ளிக்கொண்டு நேர்ஸ் றஜனி வந்தாள்.

"அருந்ததி அம்மா, உங்களை எங்கையெல்லாம் தேடுறது? ஒப்பரேஷன் தியேட்டர் ரெடி. பயப்பிடாதையுங்கோ, இந்த ஐயாவின்ரை கிட்னிக்குக் காலமை வைச்ச அதே மாதிரி ஸ்டென்ட்தான் உங்கடை கிட்னிக்கும். நகையளைக் கழட்டி உங்கடை ஆக்களிட்டைக் குடுத்திட்டு வாங்கோ."

அருந்ததி காப்புகளைக் கழற்றிப் பூரணத்தின் கையில் வைத்தாள்.

"பத்திரம், சம்மந்தி. வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது."

எதிரே இருந்த தியேட்டருக்குள் அவள் போனாள். கதவு சாத்தப்பட்டு, உள்ளிருந்து பூட்டு விழுந்தது.