பின்னோக்கி மட்டும் ஓட்டத் தெரிந்தவள்

அன்புள்ள ஆல்பன் அண்ணனுக்கு,

நம் தீவில், குவா ஊரிலிருந்து தங்கை யூடோரா எழுதுவது. இங்கே நான் நலம். வீட்டுக் கூரை அவ்வளவு நலமில்லை. முற்றத்துச் சீமைப்பலா மரம் நம் இருவரையும்விட நலம். ப்ரூக்ளினில் நீயும் ஜோஸ்லின் அண்ணியும் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை வருடத்தில் பழகாதது இனிமேல் பழகுமா என்பது வேறு விஷயம்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ மட்டும்தான் பேசுவாய். அதனால் கடிதம்.

நீ அனுப்பிய பீப்பாய் வந்து சேர்ந்தது. வழக்கம்போல அரிசி, எண்ணெய், சோப்பு என்று நினைத்துத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்பளிக் கோட், அதன் பைக்குள் என் பெயரில் விமான டிக்கெட். பள்ளிக்கூடத்தில் புவியியலை நிறுத்தி என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டதும் நீ செய்த முதல் காரியம் இது. நன்றி. உலகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பாடம்தான் இல்லை. ஆனால் உன் வீட்டின் அடித்தள அறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில், ஜன்னல் வழியே போகிறவர் வருகிறவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை ஓட்ட எனக்கு விருப்பமில்லை. அதை உன்னிடம் நேராகச் சொன்னால் நீ வருத்தப்படுவாய். இங்கே ஒரு வேலை இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. பிரிஸ்கா நோயல் தன் மலைப் பஸ்ஸுக்கு ஓட்டுநர் தேடுகிறாள் என்று ரொட்டிக்கடையில் காதில் விழுந்தது. பிரிஸ்காவை உனக்கு நினைவிருக்கும். கடை எதிர்த்திசையில் இருந்தாலும் நீ அவள் வீட்டு வழியாகத்தான் கடைக்குப் போவாய்.

"லைசென்ஸ் இருக்காடி?" என்றாள் பிரிஸ்கா.

"இருக்கு. பஸ் ஓட்டுறதுக்கே இருக்கு."

"டீச்சருக்கு எதுக்கு அது?"

"அப்பா எடுக்கச் சொன்னார்."

அப்பா போன பிறகும் அதை வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டுதான் வந்தேன். ஏன் என்று கேட்காதே. வங்கியில் நான்தான் நான் என்று காட்டுவதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இருந்ததில்லை.

"ஓட்டின அனுபவம்?"

"உண்டு. அப்பா பஸ்ஸை."

"அல்போன்ஸ் மாமா பஸ்ஸையா? எதுவரைக்கும்?"

"முற்றத்துலேர்ந்து ரோடு வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அப்பா ஓட்டுவார்."

பிரிஸ்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நீயும் இப்போது அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். ஆனால் இதில் உனக்கும் பங்கு உண்டு அண்ணா. அந்த மரப் பஸ் உனக்கு ஞாபகமிருக்கிறதா, நெற்றியில் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சிவப்பில் எழுதி? "பிரேக்கை மட்டும் அல்போன்ஸ் பார்த்துக்கிட்டா போதும்" என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். சாயங்காலம் அப்பா களைத்து வந்து மூக்கை முன்னால் நுழைத்து நிறுத்திவிடுவார். காலையில் அதைப் பின்னால் எடுத்து ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டியது மூத்த பிள்ளை உன் வேலை. நீ கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருப்பாய். பிரிஸ்கா முதல் பெஞ்சில் ஏறுவாள், தலை படிந்திருக்க வேண்டும். ஆகவே நான் போவேன். உட்கார்ந்தால் கால் எட்டாது, பெடல்மேல் நின்றுகொண்டு, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, ஒரு பக்கம் சீமைப்பலா மரம், மறுபக்கம் பன்றிக் கொட்டில், நடுவே கையகல இடைவெளி, அதன் வழியே பஸ்ஸை உருவி எடுப்பேன். அப்பா படியில் உட்கார்ந்து கோகோ டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ரோட்டுக்கு வந்ததும் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறி முன்னால் போய்விடுவார். பள்ளி முடியும்வரை தினமும் இதுதான். ஆக என் அனுபவம் கொஞ்சம் என்றும் சொல்ல முடியாது. ஒரே திசையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

"காலி பஸ்ஸை யார் வேணா ஓட்டுவாங்க," என்றாள் பிரிஸ்கா. "வெள்ளிக்கிழமை காலைல ஆளோட ஓட்டு. மொடெஸ்ட் பக்கத்துல உக்காந்து பார்ப்பாரு. அவரு சொல்றதுதான்."

மொடெஸ்ட் அவளுடைய நடத்துனர். அப்பா காலத்திலிருந்தே நடத்துனர். தடித்த வெள்ளி மோதிரம், எதற்கும் அசையாத முகம்.

வெள்ளிக்கிழமை நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். மார்க்கெட்டில் பஸ் நிறைந்துவிட்டது, ஏறினவங்கள்ல பாதிப்பேர் என்கிட்ட படிச்சவங்க, "குட்மார்னிங் மிஸ்"னு சொல்லிட்டு ஓட்டுற இடத்துல என்னைப் பார்த்ததும் ரெண்டு பேர் பேசாம இறங்கிட்டாங்க, மீன்கார ஹெர்மினா மட்டும் "எப்படியும் ஒருநாள் சாகத்தானே போறோம்"னு மீன் தட்டை மடியில வச்சுக்கிட்டு எனக்குப் பின்னாலயே உக்காந்தா. வண்டி ரெண்டு தடவை அணைஞ்சது, மூணாவது தடவை கிளம்பிடுச்சு. ஊரைத் தாண்டி கல்லறைத் தோட்டம் பக்கம் வர்றப்ப டக்டக்னு தட்டுற சத்தம். நம்ம ஊர் பஸ்ல மணியா இருக்கு? இறங்கறவங்க பஸ் பக்கத்துத் தகரத்துல தட்டுவாங்க, நிறுத்தணும். நிறுத்தினேன். யாரும் இறங்கலை.

"யார் இறங்குறது?" என்று கேட்டேன்.

"கல்லறையில இறங்குறவங்க தட்டிட்டு இறங்க மாட்டாங்க மிஸ்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கிளெமென்ட், பத்தாம் வகுப்பில் அட்லாண்டிக்கை ஒருமுறைகூடச் சரியான பக்கத்தில் குறித்ததில்லை.

கிளம்பினேன். பாலத்து மேல திரும்ப டக்டக். நிறுத்தினேன், யாரும் இறங்கலை. வளைவுல டக்டக், நிறுத்தினேன், பின்னால வந்த கார்க்காரன் என் பரம்பரையையே விசாரிச்சுட்டுப் போனான். அடுத்த டக்டக் ஆளோ வீடோ இல்லாத ஜாதிக்காய்த் தோப்புல.

"இவ இன்னும் ரெண்டு தடவை நிறுத்தினா என் மீனே இறங்கி நடந்து போயிடும்," என்றாள் ஹெர்மினா.

"யாரோ தட்டுறாங்களே, நான் என்ன செய்ய?"

"மிஸ், அது மொடெஸ்ட் மாமா," என்றான் கிளெமென்ட். "ரேடியோல பாட்டு வந்தா அவர் மோதிரத்தால கதவுல தாளம் போடுவாரு."

மொடெஸ்ட் தன் கையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இந்த ரூட்ல எவ்வளவோ டிரைவரைப் பார்த்துட்டேன். என் தாளத்துக்கு எவனும் நின்னதில்ல. உங்கப்பன் உட்பட."

அப்பா நிற்க மாட்டார்தான். தட்டுகிறது யார் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார், அது சீப்பு செருகி வைக்கத்தான். ஒற்றைத் தட்டு என்றால் சலவைக்கார இனெஸ், நாணயத்தால் தட்டினால் பள்ளிப் பிள்ளைகள், தட்டிவிட்டு "பரவாயில்லை, அடுத்த வளைவுல" என்றால் உன் ஞானத்தந்தை. இருட்டிய பிறகு மழையில் யாராவது தட்டினால், சொன்ன இடத்தைத் தாண்டி வீட்டு வாசல்வரை போவார். தட்டினால் நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் நான் பார்த்துக் கற்றுக்கொண்டேன். யார் தட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தப் பஸ்ஸில் நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்க வேண்டும். அப்பாவோ பஸ்ஸை விற்று என்னை ஜமைக்காவில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார்.

மோர்ன் ரோஸ் மலை ஏற்றத்தில் எதிரே ஒரு கல் லாரி. மலையிலிருந்து நேராக இறங்கி வந்து மூக்கோடு மூக்காக நின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல் வெகு கீழே. லாரிக்காரன் தலையை நீட்டி, "அம்மா, சுமையோட நான் பின்னால போக முடியாது. நீங்க போறீங்களா, இல்ல உங்க நடத்துனர் வந்து எடுப்பாரா?" என்றான்.

தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன், ரிவர்ஸ் கியரைப் போட்டேன். அண்ணா, உன்னிடம் பெருமை பேசி என்ன ஆகப்போகிறது, ஆனால் ஏறி வந்த இரண்டு வளைவையும் பின்னாலேயே இறங்கி, ரோட்டோரச் சீமைப்பலா மரத்தடியில் இருக்கும் ஒதுக்கிடத்துக்குள் பஸ்ஸைக் கொண்டுபோய் வைத்தேன், பக்கத்துப் புல்லுக்குக்கூடத் தெரியாது. ஹெர்மினா சிலுவை போட்டுக்கொள்ள மறந்துவிட்டாள். லாரி போனதும் முன்னால் கிளம்பினேன். வண்டி அணைந்தது.

சாயங்காலம் மொடெஸ்ட் பிரிஸ்காவிடம், நான் நிற்கும்போதே, தீர்ப்புச் சொன்னார்: "பின்னால போறதுல இவளை மிஞ்ச இந்தத் தீவுல ஆள் கிடையாது. ஆனா பாரு, ஜனங்க முன்னால போகத்தான் காசு குடுக்கறாங்க."

நியாயம்தானே. பிரிஸ்கா ஒரு பொட்டலம் பொரித்த மீன் கொடுத்து அனுப்பினாள். வேலை கிடைக்காதவர்களுக்குக் கொடுப்பது போலிருக்கிறது. அதை அப்பாவின் படியில் உட்கார்ந்து தின்றேன். பன்றிக் கொட்டில் போய்விட்டது. பஸ் நின்ற இடத்தில் இப்போதும் புல் மற்ற இடத்தைவிடக் குட்டையாகத்தான் வளர்கிறது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

ஆகவே, உன் டிக்கெட்டில் உள்ள தேதியில் வருகிறேன். அடித்தள அறைக்குத் திரைச்சீலை வேண்டாம் என்று அண்ணியிடம் சொல், செருப்புகளையாவது பார்க்கிறேன். வீட்டுச் சாவியை ஹெர்மினாவிடம் கொடுத்துவிடுவேன். கோட்டைப் போட்டுப் பார்த்தேன். சீமைப்பலா மரத்துக்குப் போட்டது போல இருக்கிறது, இருந்தாலும் கதகதப்பு. உனக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அப்பா அம்மா ஆசி எப்போதும் உங்கள் தலைக்கு மேல் இருக்கட்டும், உன் தலையில் இப்போது வார ஒன்றும் இல்லாவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் தங்கை யூடோரா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் பெரிய மழை பிடித்துக்கொண்டது. மோர்ன் ரோஸ் உச்சியில் பஸ் திரும்பும் இடம் அப்படியே சரிந்து கடலுக்குப் போய்விட்டது. ரோடு இருக்கிறது, திரும்பத்தான் இடமில்லை. ஏறுகிற பஸ் இறங்க வேண்டுமானால் சீமைப்பலா மரத்தடி ஒதுக்கிடத்திலேயே திருப்பிக்கொண்டு, அங்கிருந்து உச்சிவரை பின்னோக்கித்தான் ஏற வேண்டும். ஊரில் இருந்த ஓட்டுநர்கள் எல்லாரும் முடியாது என்று பிரிஸ்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் ஹார்ன் சத்தம். பிரிஸ்கா சாவியை நீட்டினாள். மொடெஸ்ட் அவள் பின்னால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்களிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். முன்னால் போகும்போது இன்னும் அணைகிறது, மரத்தடி வந்த பிறகு கவலையில்லை. இத்தனை காலம் பாறையைப் பார்த்துக்கொண்டு ஏறிய ஜனங்கள் இப்போது கடலைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறார்கள், ஹெர்மினாவுக்கு மட்டும் தலை சுற்றுகிறது. மொடெஸ்ட் மோதிரக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறார். டிக்கெட்டில் பெயர் மாற்ற முடிந்தால் மாற்றி நீ வா. பிரிஸ்கா உன்னை இரண்டு முறை விசாரித்தாள். கோட்டை மட்டும் திருப்பித் தர முடியாது: நாலாக மடித்து ஓட்டுநர் இருக்கையில் போட்டு உட்கார்ந்தால்தான் எனக்குப் பின்பக்கம் தெரிகிறது.