கடலைப் பார்த்த ஆன்டெனாக்கள்

கார்டிகன் கடற்கரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க கிளெனிஸ் அத்தைக்கு,

நெஸ்டா எழுதுவது. நீங்கள் இரவல் கொடுத்த கேரவன் நலம். அதன் கூரையும் நலம். அப்பா மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இந்த வரியை எழுதுமுன் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது அம்மா சொன்னது உங்களுக்குத் தெரியாது. "ஆபரேஷன் பண்ண நெஞ்சு. சனிக்கிழமை இங்கிலாந்தோட நம்மாளுங்க ஆடுற ரக்பி மேட்ச். அது மட்டும் அவர் கண்ணுல படக்கூடாது. பட்டுச்சு, நீதான் பொறுப்பு" என்றார். வானொலியைப் பற்றிக் கவலை இல்லை. காதால் கேட்கும் ரக்பி வெறும் வதந்தி என்பது அப்பாவின் கொள்கை.

ஆகவே ஆன்டெனா திருப்பும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். கூரையிலிருந்து உள்ளே தொங்கும் கைப்பிடியைத் திருகி, மலைமேல் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரத்துக்கு முதுகு காட்டும்படி கடல் பக்கம் வைத்துவிட்டேன். டிவி திரையில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இரைந்தன. "பக்கத்துல யாராவது வரட்டும். அவங்க எந்தப் பக்கம் வெச்சிருக்காங்கன்னு பாத்து மாத்திக்கலாம்" என்றார் அப்பா. கேரவன்காரர்கள் எல்லோரும் செய்வதுதானே. வருகிறவர்களும் அதையே செய்வார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து இடங்களுக்குத் தங்கள் கேரவன்களோடு மெர்வின் வந்தார், அவர் மைத்துனர் வந்தார், ஆல்வென் அம்மாள் வந்தார். ஒவ்வொருவரும் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். தங்களுடையதையும் கடல் பக்கம் திருப்பினார்கள். சனிக்கிழமை மதியம் கேரவன் வரிசை முழுவதும் மீன்களிடம் படம் கேட்டுக்கொண்டு நின்றது.

அப்பா வெளியே போய்ப் பார்த்தார். "எல்லாரும் நம்மள மாதிரிதான் வெச்சிருக்காங்க. அப்ப திசை சரி. மேல ஒயர்தான் கழண்டிருக்கணும்" என்று கூரையில் ஏறக் கேஸ் பெட்டிமேல் காலை வைத்துவிட்டார் அத்தை! காற்று வேறு ஆளைத் தள்ளுகிறது. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"விடுடி, கரடி மாதிரி புடிக்கிற!"

அந்த நேரம் பார்த்து வரிசையே திரண்டு வந்தது.

"என்னய்யா எம்ரிஸ், உன்னைப் பாத்துதானே நாங்க வெச்சோம்?" என்றார் மெர்வின்.

"நான் உங்களைப் பாத்துல்ல நம்பினேன்!" என்றார் அப்பா.

"நல்லா நம்பினீங்க. நாடே மேட்ச் பாக்குது, நாம அலை பாக்குறோம்" என்றார் ஆல்வென் அம்மாள்.

அப்பா முகம் அப்படியே செவசெவன்னு ஆயிடுச்சு அத்தை. மேட்ச் பார்ப்பதைவிட, பார்க்க முடியாத கோபமே அவரைக் கொன்றுவிடும் போலிருந்தது. உள்ளே பாய்ந்து கைப்பிடியைத் திருகினேன். படம் பளிச்சென்று வந்தது. எல்லோரும் எங்கள் கேரவனுக்குள்ளேயே புகுந்துகொண்டார்கள். நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து கத்தும்போதெல்லாம் நானும் கூடவே எழுந்தேன். பாதி ஆட்டத்தில் அவர் கண் மூடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு உயிரே நின்றுவிட்டது. அப்போது குறட்டை கேட்டது. நம் பையன்கள் அவ்வளவு மோசமாக ஆடியிருக்கிறார்கள். கடைசிவரை அவர் எழவே இல்லை.

அதனால் அம்மாவிடம், "என் தம்பி அங்கே நன்றாகத் தூங்குகிறான்" என்று மட்டும் சொல்லுங்கள். பொய் இல்லையே. உங்கள் முழங்கால் வலி குறையவும், முயல்கள் வேறு தோட்டம் பார்த்துப் போகவும் வேண்டிக்கொள்கிறேன்.

பயத்துடனும் பாசத்துடனும்,
நெஸ்டா

பி.கு.: அக்கா, இது எம்ரிஸ். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தவள் உறையை ஒட்ட மறந்துவிட்டாள். நான் தூங்கவில்லை. என்னைப் பிடித்திருந்த கை அப்படி நடுங்கியது. இன்னொரு தடவை கத்தினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான் கண்ணை மூடிக் குறட்டை விட்டேன். கடைசி நிமிடத்தில் நாம் ஜெயித்ததைக்கூட நான் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கிறது. அன்றைக்கு இவளை உன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள். இவள் நெஞ்சு தாங்காது.