மேடத்தின் மாமியார்

பயிற்சிக்கு வருகிறவர்களின் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிடுவது அந்த அலுவலகத்தில் டீம் லீடரின் வேலை. புதிதாக வந்த அம்மாள் பணிவாகத் தலையைக் குனிந்து காட்டினார். டீம் லீடர்தான் அட்டையைத் தலைகீழாக மாட்டினாள். அன்று காலை ஆறரை மணிக்கு, "அத்தை, சீப்பை எடுத்த இடத்துலயே வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் கத்திவிட்டு வந்தது அதே தலையைப் பார்த்துத்தான்.

"வாங்கம்மா, உங்களுக்கு ஸ்டோர் ரூமைக் காட்டறேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

பழைய கீபோர்டுகளும் ஒயர் சுருள்களும் அடைந்து கிடந்த அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும்தான் மூச்சு வந்தது.

"அத்தை! இங்க என்ன பண்றீங்க?"

"காலேஜ்ல இங்கதான் போட்டாங்க. காலைல எட்டு மணிக்குத்தான் பேப்பரே கைக்கு வந்துது. போன் பண்ணினேன், நீதான் எடுக்கல."

"வேற கம்பெனி கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. எனக்கு ஏற்கெனவே அம்பத்திரண்டு. இன்னும் ஒரு வருஷம் பெஞ்சைத் தேய்க்கச் சொல்றியா?"

மாமியார் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும், இனி வீட்டில் தனக்கென்று ஒரு வேலையும் இல்லை என்று பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் தகவல் தொழில்நுட்ப டிப்ளமோவுக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ரவுட்டரும் கேபிளுமாகத்தான் கிடந்தது. நெட்வொர்க் சர்டிஃபிகேட் ஒன்றையும் வாங்கியாயிற்று. பாக்கி இருந்தது ஆறு வாரத் தொழில் பயிற்சி மட்டும்தான்.

மருமகள் கல்லூரிப் படிவத்தைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: மாணவருக்கும் மேற்பார்வையாளருக்கும் உறவு இருந்தால் பயிற்சி செல்லாது.

"செல்லாதாம் அத்தை."

"அப்ப உறவு இல்ல. நீ என்னைத் தெரியாத மாதிரி இரு, நானும் உன்னைத் தெரியாத மாதிரி இருக்கேன். வீட்டுலயே பாதி நாள் அப்படித்தானே இருக்கோம்?"

"என்னை மேடம்னு கூப்பிடணும்."

"கூப்பிட்டுட்டா போச்சு." மாமியார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "போலாமா, மேடம்?"

மருமகள் படிவத்தை மடித்துப் பைக்குள் திணித்தாள். ஆனால் அவளுடைய உண்மையான பயம் அந்தப் படிவம் இல்லை. வேறொன்று இருந்தது.

அந்த அலுவலகத்தில் எட்டுப் பேர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர்களுடைய கம்ப்யூட்டர் கஷ்டத்தைக் கேட்பார்கள். அந்தப் பிழைப்பில் அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல், டீ நேரத்தில் மேடம் சொல்லும் மாமியார் கதைகள்தான். கல்யாணம் ஆனதிலிருந்து, இரண்டு வருடமாக நடக்கிறது. முதலில் நடந்ததைத்தான் சொன்னாள். சிரிப்பு கூடக் கூட, நடக்காததும் சேர்ந்தது. போகப் போக அந்த மாமியார் ஸ்பூன்களை எண்ணினார், பாலை ஸ்கேல் வைத்து அளந்தார், மருமகள் தும்மினால்கூடக் காரணம் கேட்டார்.

அன்று டீ நேரத்தில் பயிற்சி அம்மாளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் கீச்சு. நிறுத்தாமல் பேசுவதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர்.

"ஆன்ட்டி, எங்க மேடத்தோட மாமியார் கதை கேட்டிருக்கீங்களா?"

"இல்லையேம்மா," என்று மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லேன்."

"ஃபிரிட்ஜுக்குப் பூட்டு போட்டிருக்காங்க, ஆன்ட்டி! சாவி எப்பவும் இடுப்புல!"

"அடப்பாவமே! ஃபிரிட்ஜுக்கா?"

"ராத்திரி தண்ணி குடிக்கணும்னாகூட மேடம் எழுதிக் குடுக்கணுமாம்!"

"இப்படியும் ஒரு பொம்பளையா?" மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அப்புறம்?"

அப்புறம் அரை மணி நேரம் போனது. மருமகள் தன் டீ ஆறிப்போனதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள்.

சாயங்காலம் வீட்டில் சண்டை வெடிக்கும் என்று எதிர்பார்த்தாள். மாமியார் அமைதியாகக் காய் நறுக்கிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, ஃபிரிட்ஜுக்குப் பூட்டு எந்தக் கடையில விக்கும்?"

சண்டை போட்டிருந்தால் தேவலை போலிருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மருமகள் டீமைக் கூட்டினாள். மேனேஜரும் வந்து நின்றார். "ஒண்ணு சொல்லணும். எங்க மாமியார் தங்கமானவங்க. நான் சொன்னதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு. அவங்க மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மிரட்டியிருக்காங்க," என்றாள் கீச்சு மெதுவாக.

"போனை எடுத்துப் பாத்திருப்பாங்க," என்றார் மேனேஜர். "மேடம், நீங்க பயப்படாதீங்க. பெண்களுக்கு உதவற நம்பர் ஒண்ணு இருக்கு. கூப்பிட்டா வீட்டுக்கே வந்து விசாரிப்பாங்க."

பின்வரிசையிலிருந்து பயிற்சி அம்மாள் எழுந்தார். "அந்த நம்பரை எனக்கும் குடுங்க சார். மேடத்தைப் பாத்தா எனக்கே மனசு கேக்கல."

அந்த வாரம் முழுக்க டீம் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் போலத் தாங்கியது. கையில் சிவப்பாக எதையாவது கண்டால் "இது எப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். தக்காளிச் சாறு என்று சொன்னால் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை கீச்சு கண் கலங்கி வந்து நின்றாள். "மேடம், நாங்க முடிவு பண்ணிட்டோம். இன்னிக்கே அந்த நம்பருக்குப் போன் பண்ணப்போறோம்."

மருமகள் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தாள். எப்படியாவது இந்தப் பேச்சை இன்றோடு முடித்தாக வேண்டும்.

"வேண்டாம்! இனிமே அவங்களைப் பத்தின பேச்சே வேண்டாம். எங்க மாமியார் இப்ப எங்ககூட இல்ல!"

தனிவீடு பார்த்துப் போய்விட்டார் என்று சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் தொண்டை அடைத்து இருமல் வந்துவிட்டது. இருமலில் கண்ணில் நீரும் வந்துவிட்டது. மாடியில் ஒரு மீட்டிங் இருந்ததால் அப்படியே ஓடினாள்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது எட்டுப் பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஹெட்செட்டுகள் மேசையில் கிடந்தன.

"சொல்லவே இல்லையே மேடம்," என்றார் மேனேஜர். "ஆயிரம்தான் இருந்தாலும் பெரியவங்க. ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்போம்."

மருமகள் வாயைத் திறந்தாள். எதிரே பயிற்சி அம்மாள் எல்லோருக்கும் முன்னால் கை கட்டி, கண்களை மூடி, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. அந்த இரண்டு நிமிடத்தில் பதினேழு போன்கள் அடித்து ஓய்ந்தன.

"எப்படி ஆச்சு மேடம்?" என்றாள் கீச்சு மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"திடீர்னு..."

"கடைசி நேரத்துல ஏதாவது சொன்னாங்களா, மேடம்?" என்று கேட்டார் மாமியார்.

மருமகள் அவரைப் பார்த்தாள். அந்தக் கண்களில் ஒரு சொட்டு இரக்கம் இல்லை.

"சொன்னாங்க," என்றாள். "எல்லாரையும் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

"நல்ல மனுஷியாத்தான் இருந்திருக்காங்க," என்று பெருமூச்சு விட்டார் மாமியார்.

அடுத்த வாரம் மூன்று நாள் கட்டாய விடுமுறை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. "பயிற்சி அம்மாவை நான் பாத்துக்கறேன். மேற்பார்வை, மார்க்கு, கையெழுத்து எல்லாம் இனிமே என் பொறுப்பு. நீங்க வீட்டுல இருங்க."

ஆக, செத்துப்போன மாமியார் தினமும் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினார். உயிரோடிருந்த மருமகள் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.

அந்த மூன்று நாளில் இரண்டாம் நாள்தான் பெரிய கூத்து நடந்தது. வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றில் ஒட்டுமொத்தமாக மெயில் நின்றுபோனது. போனில் ஒரே கூச்சல். கீச்சு அழவே ஆரம்பித்துவிட்டாள். மாமியார் அவளிடமிருந்து ஹெட்செட்டை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார்.

"ஏம்ப்பா இப்படிக் கத்தறே? முதல்ல உக்காரு. தண்ணி குடிச்சியா? குடி. நான் இருக்கேன். ம், இப்ப சொல்லு, அந்தப் பெட்டியில எந்த விளக்கு எரியுது, எது எரியல?"

அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்த அதிகாரி, "எரியலைம்மா," என்றாராம் குழந்தை மாதிரி. அப்படியே ஒவ்வொருவராக உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கவைத்து, கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். இரவு அதைச் சொல்லும்போது அவர் முகம் பளபளத்தது. கேட்டுக்கொண்டிருந்த மருமகளுக்குத் தன்னையறியாமல் பெருமை பொங்கியது.

"அத்தை, எனக்கே அது தோணியிருக்காது."

"மேடம்கிட்ட கத்துக்கிட்டதுதான்," என்றார் மாமியார்.

மூன்றாம் நாள் மாலை அழைப்புமணி அடித்தது. மருமகள் அடுப்படியில் இருந்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த மாமியார் துண்டோடு போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் மேனேஜரும் கீச்சுவும் மலர்வளையத்தோடு நின்றார்கள்.

"ஆன்ட்டி? நீங்க எப்படி இங்க?"

மாமியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் துக்கம் கேக்கத்தான் வந்தேன். உள்ள வாங்க, உக்காருங்க."

அவர்கள் உள்ளே வருவதற்குள் மருமகள் ஓடிவந்து, சுவரில் சிரித்துக்கொண்டிருந்த மாமியாரின் படத்தைக் கழற்றி சோபாவில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். துக்கம் கேட்க வந்த மாமியார் அடுப்படிக்குப் போய், எந்த டப்பாவில் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் நான்கு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"எவ்வளவு உரிமையா உதவறாங்க!" என்று மேனேஜர் நெகிழ்ந்தார்.

அந்த நேரம் பார்த்து மருமகளின் கணவன் வேலை முடிந்து வந்தான். செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுத்தான்.

"அம்மா! பசிக்குதும்மா!"

கீச்சு வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "பாவம், இன்னும் அவங்க நினைப்பாவே இருக்காரு."

மேனேஜர் எழுந்துபோய் அவனை இறுகக் கட்டிக்கொண்டார். "அழுதுடுங்க சார். உள்ள வச்சுக்காதீங்க."

அவன் அந்நியர் ஒருவரின் தோளுக்கு மேலாக மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சுவரில் சாய்த்து வைத்திருந்த மலர்வளையத்தைப் பார்த்தான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கண்ணை உருட்டியதில், கேள்வி கேட்கும் நேரம் இதுவல்ல என்று மட்டும் புரிந்துகொண்டான். "ம்," என்றான்.

அவர்கள் போனபிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சோபாவுக்கு அடியில் இருந்த பூனை வெளியே ஓடியது. சிரித்து ஓய்ந்ததும் மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. உயிரோட இருக்கற உங்களை நான் போய்..."

"விடும்மா," என்று மாமியார் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அவசரத்துக்கு வாய்ல வர்றதுதானே. அதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு."

இவ்வளவு பெரிய மனசா என்று மருமகள் அன்று இரவு நெடுநேரம் நினைத்து நினைத்து உருகினாள்.

ஆறாவது வாரக் கடைசியில் கல்லூரியிலிருந்து ஆசிரியர் வந்தார். மெலிந்த மனிதர், பையில் ஏகப்பட்ட படிவங்கள். மேனேஜர் எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். படிப்பு முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட வேண்டும் என்ற கடிதத்தையும் இணைத்திருந்தார். டீம் முழுக்கக் கைதட்டியது. மாமியார் வெட்கப்பட்டுப் புடவைத் தலைப்பைத் திருகினார்.

மருமகளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பயிற்சி முடிந்துவிட்டது, கையெழுத்தும் வேறொருவருடையது. இனி என்ன பயம்? எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி, அத்தையின் காலில் விழுந்துவிட வேண்டியதுதான்.

"சார், இவங்களைப் பத்தி நான் ஒரு உண்மையைச் சொல்லணும்..."

"மேடம், மேடம், அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று மாமியார் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "சார், நீங்க கிளம்புங்க, பஸ் போயிடும்!"

ஆசிரியர் நகரவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு புரியுது மேடம். எவ்வளவு வேதனையிலும் சிரிச்ச முகமா இருக்காங்கன்னுதானே? சர்டிஃபிகேட் பரீட்சைக்கு முந்தின நாள் தேதியை மாத்தச் சொல்லி லெட்டர் கொண்டுவந்து குடுத்தாங்க. நாங்களும் மறுபேச்சு பேசாம ரெண்டு வாரம் தள்ளி வச்சோம். பின்ன, இருந்ததே ஒரே மருமக, சின்ன வயசு, திடீர்னு போய்ச் சேர்ந்துட்டாங்களாமே!"